1022117 பகா எண்தானா?

என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கல்லூரியில் இந்தப் பருவத்திலிருந்து விடைத்தாள்களுக்குப் பார்கோடு ஒட்டப் போகிறார்களாம். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நித்யா போன் செய்து, "அக்கா, அந்தக் காலத்துல டம்மி நம்பர் கையால போட்டீங்களே, அது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, ஃபைல்ல வைக்கணும். உங்கள விட்டா யாருக்கும் தெரியாது" என்றாள். உங்களை விட்டால் யாருக்கும் தெரியாது என்றால் யார்தான் மறுப்பார்கள்? சரி என்றேன்.

முதல் பாராவை எழுதி வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். "இம்முறைக்கு 1022117 என்ற பகா எண் பயன்படுத்தப்பட்டது" என்பது அதில் இரண்டாவது வரி. கால் மணி நேரத்தில் பதில் வந்தது. "அக்கா, சும்மா போன்ல போட்டுப் பார்த்தேன். அது பகா எண் இல்லையாம்."

அன்றிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த எண்ணால் என் பணிப்பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது. அந்த வரியை நம்பி இருபது வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அந்த வரி பொய்யா என்பதுதான் இப்போது என் கேள்வி. நித்யா கேட்ட பக்கத்தை இன்னொரு நாள் எழுதிக்கொள்ளலாம். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் குளோரி. தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருக்கும் ஒரு கல்லூரியில், தேர்வு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். தட்டச்சராகச் சேர்ந்தேன். முதல் நான்கு வருஷம் தட்டச்சு, அரக்கு முத்திரை, திட்டு. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

டம்மி நம்பர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். விடைத்தாளில் மாணவரின் பதிவு எண் இருந்தால், திருத்துகிறவருக்கு அது யார் என்று தெரிந்துவிடும். ஆகவே விடைத்தாளின் முகப்பில் ஒரு சீட்டு இருக்கும், அதில்தான் பதிவு எண். அந்தச் சீட்டிலும் விடைத்தாளிலும் ஒரே பொய் எண்ணைச் சிவப்பு மையில் எழுதுவோம். பிறகு சீட்டை வெட்டித் தனியாகத் துணி உறையில் போட்டு அரக்கு வைப்போம். விடைத்தாள் பொய் எண்ணோடு மட்டும் திருத்தப் போகும். மதிப்பெண் வந்ததும் உறையைப் பிரித்து, சீட்டில் உள்ள எண்ணோடு சேர்த்துப் பார்த்தால் எந்த மதிப்பெண் யாருடையது என்று தெரியும். இரண்டு பேருக்கு ஒரே பொய் எண் விழுந்தால் எல்லாம் நாசம். விழக்கூடாது, அதே சமயம் எண்களைப் பார்த்து யாரும் வரிசையை ஊகிக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும்தான் பகா எண்.

அந்த முறையைக் கொண்டுவந்தவர் தியோடர் சார். கணிதப் பேராசிரியர், எங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். நாங்கள் கன்ட்ரோலர் என்போம். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில், மூன்றும் ஒரே உயரம். கணக்குப் போடும்போது உட்கார மாட்டார். மேசை முன்னால் நின்றுகொண்டுதான் வகுப்பார். "உட்கார்ந்தா மூளையும் உட்கார்ந்துடும், மிஸ் குளோரி" என்பார். யார் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வகுத்துப் பார்த்தாச்சா?" மின்கட்டண ரசீதைக் கொடுத்தாலும் அதே கேள்விதான்.

பகா எண் ஏன் என்று எனக்கு அவர்தான் சொன்னார். காலியாக இருந்த தேர்வறையில் ஏழு நாற்காலியை வட்டமாகப் போட்டு, "மூணு மூணாத் தாவிப் போங்க" என்றார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஏழு நாற்காலியையும் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினேன். "இப்ப ரெண்டு ரெண்டா." அப்போதும் ஏழும் வந்தன. "ஏழு பகா எண். எத்தனை தாவினாலும் எல்லாத்தையும் தொடாம திரும்பாது." பிறகு ஒரு நாற்காலியை எடுத்துவிட்டார். ஆறில் இரண்டு இரண்டாகத் தாவினேன். மூன்றே தாவலில் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிட்டேன். மற்ற மூன்று நாற்காலியைத் தொடவேயில்லை. "பார்த்தீங்களா, ரெண்டாவது சுத்துல அதே நாற்காலி. ரெண்டு பேருக்கு ஒரே நம்பர்." ஆறிலும் ஐந்து ஐந்தாகத் தாவினால் தகராறு வராது என்பதையும் அவரே செய்து காட்டினார். சில தாவலில்தான் மாட்டும், ஆனால் எதில் மாட்டும் என்று ஒவ்வொரு தடவையும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது, ஆகவே பகா எண்ணாகவே எடுத்துவிட்டால் நிம்மதி என்றார்.

எங்களுக்கு ஏழு போதாது. பத்து லட்சத்துக்குச் சற்று மேலே ஒரு எண் வேண்டும் என்றார். அவர் எடுத்த முதல் மூன்று எண்களும் சின்னச் சின்ன எண்களாலேயே உடைந்து போயின. நான்காவது 1022117. ஒரு எண் உடையுமானால் உடைகிற இரண்டு துண்டில் சின்னது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. அதனால் அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். "இதோட வர்க்கமூலம் ஏறக்குறைய ஆயிரம்" என்றார். ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. அவற்றை ஒரே பக்கத்தில் அச்சிட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். ஒரு வாரம் மாலை நேரத்தில் அவர் நின்றுகொண்டே வகுப்பார், நான் அட்டையில் டிக் போடுவேன். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. கடைசி மூலையில் 997. அதற்கும் டிக் போட்டதும் அட்டை முடிந்தது. "பாஸ்" என்றார் சார். அந்த நூற்று அறுபத்தெட்டு டிக்கும் என் கையால் போட்டது. இதை மறைக்க விரும்பவில்லை.

எண்ணைப் போடும் முறை ரொம்பச் சுலபம். ஒவ்வொரு பாடத் தாளுக்கும் ஒரு தொடக்க எண், ஒரு தாவல் எண். முதல் மாணவருக்குத் தொடக்க எண். அடுத்தவருக்கு அதோடு தாவல் எண்ணைக் கூட்ட வேண்டும். 1022117-ஐ எட்டினாலோ தாண்டினாலோ 1022117-ஐக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான். கால்குலேட்டரும் கறுப்பு அட்டை நோட்டும் போதும். கம்ப்யூட்டர் அப்போதே எங்கள் அறைக்கு வந்துவிட்டது, ஆனால் சாருக்கு அதில் நம்பிக்கையில்லை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற பெட்டியில் ரகசியத்தை வைப்பார்களா என்பார்.

அந்த இரண்டு எண்களையும் எப்படித் தேர்ந்தெடுப்போம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சாருடைய திருச்சபையில் அறுவடைப் பண்டிகைக்கு ஹவுஸி என்ற எண் விளையாட்டு ஆடுவார்கள். அந்தப் பழைய காய்ப்பை ஒன்று, ஒன்று முதல் தொண்ணூறு வரை மரக்காய்களோடு, அவர் மேசை இழுப்பறையில் இருக்கும். தேர்வு முடிந்த மறுநாள் காலை சார், நான், அலுவலக உதவியாளர் முனுசாமி அண்ணன் மூவரும் நிற்போம். சார் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். பிறகு ஆளுக்கொரு காய் எடுத்துச் சத்தமாகச் சொல்வோம். ஒற்றை இலக்கக் காய்க்கு முன்னால் பூஜ்யம் போட்டு, மூன்று காயை வரிசையாக எழுதினால் ஆறிலக்கத் தொடக்க எண். அடுத்த சுற்றில் மூன்று காய், அது தாவல் எண். நான் எழுதியதும் காய்கள் பைக்குள் திரும்பிவிடும். பல வருஷம் இப்படியே, ஒரு தகராறும் இல்லாமல் ஓடியது.

அந்தப் பருவத்துக்கு வருகிறேன். பொது ஆங்கிலத் தாள். புதுப் பிரிவுகள் தொடங்கியதால் எழுதுகிறவர்கள் எண்ணிக்கை முதல் முறையாக ஆயிரத்தைத் தாண்டியது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மூன்று மணியோடு முடிந்தது. பட்டியலில் 1013 பேர். மூன்றேகாலுக்கு ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். பெயர் ரோஸ்லின். படிப்பை முடித்து இரண்டு வருஷமாகியும் இந்த ஒரு தாள் மட்டும் அரியர். ஊரப்பாக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் டீச்சர்.

"மேடம், ப்ளீஸ் மேடம். டிகிரி சர்ட்டிஃபிகேட் காட்டலன்னா ஜூன்ல வேற ஆள் போட்டுக்குவோம்னு சொல்லிட்டாங்க. ஸ்கூல் விட்டு நேரா வர்றேன். வண்டலூர் கேட்ல மாட்டிக்கிட்டேன்."

"கடைசி நாள்னா கடைசி நிமிஷம்னு யாரும்மா உனக்குச் சொன்னது?" என்று எரிந்து விழுந்தேன். விழுந்துவிட்டு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டேன். நான் அப்படித்தான், முதலில் கத்துவேன், பிறகு செய்துவிடுவேன். அவள் 1014-ஆவது ஆள். பட்டியலில் முதல் பெயர் அகிலா, முதலாம் ஆண்டு மாணவி. கடைசிப் பெயர் ரோஸ்லின்.

தேர்வு முடிந்தது. காய் எடுத்தோம். தொடக்க எண் 725583. தாவல் எண்ணுக்குச் சார் 46 எடுத்தார், முனுசாமி அண்ணன் 11, நான் 13. ஆக 461113. அகிலாவுக்கு 725583, அடுத்தவருக்கு 164579, அதற்கடுத்தவருக்கு 625692 என்று மூன்று நாள் கூட்டிக் கழித்து எல்லாருக்கும் போட்டு முடித்தேன்.

முனுசாமி அண்ணன் சீட்டுகளை வெட்டி எடுத்தார். பிறகு விடைத்தாள்களைப் பொய் எண்ணின் ஏறுவரிசையில் அடுக்கி நாற்பது நாற்பதாகக் கட்ட வேண்டும், அப்போதுதான் மாணவர் வரிசை கலையும். அவர் அடுக்கிக்கொண்டே, "மேடம், இந்த வாட்டி ஒரே தாளத்துல வருது. ஆயிரத்து ஒம்பது, ஆயிரத்து ஒம்போதாவே ஏறினு கீது" என்றார். முதல் தாள் 112, அடுத்தது 1121, அதற்கடுத்தது 2130. எனக்கு நூற்றெட்டு வேலை. "அண்ணா, பாட்டுக் கச்சேரி அப்புறம் வைக்கலாம். கட்டுங்க முதல்ல" என்றேன். அவர் கட்ட ஆரம்பித்தார்.

திருத்தி வந்ததும் மதிப்பெண் பதியும் நாள். அவர் கட்டுக்கட்டாக எடுத்து வாசிப்பார், நான் எழுதுவேன். பதினெட்டாவது கட்டின் கடைசித் தாள்: 725583, மதிப்பெண் 31. பத்தொன்பதாவது கட்டைப் பிரித்தார். முதல் தாள்: 725583, மதிப்பெண் 58.

"இன்னா மேடம் இது, இப்பதான இந்த நம்பர சொன்னேன். மறுபடியும் அதே நம்பர் கீது."

தவறாக வாசிக்கிறார் என்று பிடுங்கிப் பார்த்தேன். இரண்டிலும் சிவப்பு மையில் என் கையெழுத்து. உறையைப் பிரித்தோம். இரண்டு சீட்டிலும் 725583. ஒன்று அகிலா, ஒன்று ரோஸ்லின். சீட்டில் இந்த எண்ணையும் பதிவு எண்ணையும் தவிர வேறெதுவும் இல்லை, கட்டர் வைத்து வெட்டிய ஓரம், ஒட்டிப் பார்த்தும் பயனில்லை. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். ஒருத்தி பாஸ், ஒருத்தி ஃபெயில். எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது.

சாரிடம் ஓடினேன். அவர் நின்றபடியே கேட்டார். "வராது, மிஸ் குளோரி. 1022117 பகா எண். வந்திருக்குன்னா கூட்டல்ல தப்பு. திரும்பப் போடுங்க."

முதலிலிருந்து கூட்டினேன். ஒரு நாள் முழுக்க. 1014-ஆவது ஆளுக்கு 725583 வந்தது. கால்குலேட்டர் கோளாறோ என்று வேறு ஒன்று வாங்கி வந்து கூட்டினேன். 725583. கடைசியில் வெறும் கையால் தாளில் கூட்டினேன். 725583. எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டல் சரி, விடை தப்பு. இப்படி ஒரு நிலைமையை நான் அதுவரை பார்த்ததில்லை. நாற்காலிக் கணக்கு எனக்குத் தெரியும், ஆகவே பிழை என்னிடம்தான் என்று மட்டும் உறுதியாக நம்பினேன்.

மூன்றாம் நாள் மாலை மூவரும் சாரின் அறையில் இருந்தோம். சார் பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டு நின்றார். முனுசாமி அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், ஒண்ணு சொல்லட்டுமா. அடுக்கசொல்லவே பாத்தேன். எல்லா நம்பரும் ஆயிரத்து ஒம்பது, ஆயிரத்து ஒம்போதாத்தான் சார் ஏறுது. அந்த ரெண்டு மட்டும்தான் ஒண்ணா கீது."

சார் தட்டுவதை நிறுத்தினார். நோட்டை இழுத்து ஒரே ஒரு வகுத்தல் போட்டார். பிறகு உட்கார்ந்தார். பென்சில் கையில் இருக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். முனுசாமி அண்ணனைப் போகச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தாவல் எண் எழுதும்போது மாத்தி எழுதிட்டீங்கன்னு நினைக்கிறேன். காய் நாப்பத்தாறு இல்ல. அறுபத்து நாலா இருந்திருக்கும்."

"நாப்பத்தாறுன்னுதான் சார் காதுல விழுந்துது."

"திருப்பி எழுதியிருப்பீங்க. அப்படி வரும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்தர் பிழைன்னா நானே ரெண்டு பேரையும் கூப்பிட்டு, அவங்கவங்க தாளை அடையாளம் காட்டச் சொல்லி முடிச்சிடலாம். விதியில இடம் இருக்கு. முறையிலயே பிழைன்னா கல்விக் குழுவுக்குப் போகணும். அவங்க கூடி முடிவெடுக்கிற வரைக்கும் ஆயிரத்துப் பதினாலு பேர் ரிசல்ட்டும் நிக்கும். ஆகஸ்ட்டோ செப்டம்பரோ. ஒரு கடிதம் குடுங்க, மிஸ் குளோரி."

ஊரப்பாக்கத்துப் பெண்ணின் ஜூன் மாதம் என் கண்முன்னால் நின்றது. காய்கள் பைக்குள் போய்விட்டன, சரிபார்க்க வழியில்லை. நாற்பத்தாறா, அறுபத்து நாலா? யோசிக்க யோசிக்க, அறுபத்து நாலு என்று அவர் சொன்னது போலவே எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. எழுதிக் கொடுத்தேன். "என் கவனக்குறைவால் தாவல் எண்ணைத் தவறாகப் பதிந்துவிட்டேன்."

மறுநாளே இருவரையும் தனித்தனியாக அழைத்தோம். மதிப்பெண்ணை மறைத்து இரண்டு தாளையும் முன்னால் வைத்தோம். அகிலா தன்னுடையதை உடனே தொட்டாள். "இதுதான் மேடம். ரெண்டு கேள்வி எழுதவே இல்ல." அது 31. பாவம், அடுத்த பருவம் எழுதித் தேறினாள். ரோஸ்லின் மற்றதைத் தொட்டாள். 58. ஜூனில் சான்றிதழோடு பள்ளிக்குப் போனாள். மாலையில் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் முறுக்கு இறங்கவில்லை.

என் பணிப்பதிவேட்டில் "கவனக்குறைவுக்காக எச்சரிக்கப்பட்டார்" என்று ஏறியது. கண்காணிப்பாளர் பதவி எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. எனக்கு அது வர ஆறு வருஷம் ஆயிற்று. சரி, போகட்டும். அதைவிட மோசமானது வீட்டில் நடந்தது. பூட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்து, கேஸை மூடினேனா என்று வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறேன். மகளின் கல்யாணப் பத்திரிகையை ஒன்பது முறை பிழை பார்த்து அச்சகத்துக்காரரை அழவைத்தேன். "உங்கம்மா செத்தாக்கூட மூச்சு நின்னுடுச்சான்னு ரெண்டு தடவை செக் பண்ணுவா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள், நான் எண்ணைத் திருப்பி எழுதுகிறவள்தானே, என்னை எப்படி நம்புவது என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்த பருவத்திலிருந்து, டம்மி நம்பரைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சார் சொல்லிவிட்டார். காய்ப்பை சபைக்குத் திரும்பியது. என்னால்தான் இந்த மாற்றம் என்று வெட்கப்பட்டேன். கம்ப்யூட்டரையே நம்பாத மனிதர் ஏன் மாறினார் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது நித்யாவின் இரண்டாவது செய்தி. "1009 × 1013 அக்கா."

ஆயிரத்து ஒன்பது. முனுசாமி அண்ணன் என் முன்னால் இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்ன எண். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். பென்சிலை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன், என் வழக்கப்படி மூன்று தடவை. 1022117. எங்கள் அட்டை 997-இல் முடிந்தது. அதற்கடுத்த பகா எண் 1009. இன்னும் ஒரே ஒரு வகுத்தல் போட்டிருந்தால் உடைந்திருக்கும். அந்தத் தாவல் எண் 461113-ஐயும் 1009-ஆல் வகுத்தேன். மீதியில்லாமல் போயிற்று, 457 தடவை. ஆறு நாற்காலியில் இரண்டு இரண்டாகத் தாவிய அதே கதை. 1013 தாவலில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். முதல் ஆளிலிருந்து 1014-ஆவது ஆளுக்குச் சரியாக 1013 தாவல். மூன்றேகாலுக்கு நான் அந்த விண்ணப்பத்தை வாங்காமல் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு. பகா எண்ணாக இருந்தால் எத்தனை தாவினாலும் ஒன்றுதான், 46 ஆனாலும் 64 ஆனாலும் மோதாது. அதை நாற்காலி போட்டு எனக்குக் காட்டியவரே சார்தான். அப்படியானால் நான் திருப்பி எழுதியதால் மோதியது என்று அவர் எப்படிச் சொன்னார்? தெரியாமல் சொன்னாரா? உட்கார்ந்தாரே, எதற்கு?

ஒரு வாரம் குழம்பிவிட்டுப் புறப்பட்டேன். சார் இப்போது செம்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம், புத்தி தெளிவு. மருமகள் காபி வைத்துவிட்டு உள்ளே போனாள். உடல்நலம், சபை, முனுசாமி அண்ணன் தவறிப்போனது எல்லாம் பேசினோம். நான் கேட்க வந்தது மட்டும் பாக்கி இருந்தது. கடைசியில் வேறு மாதிரி வெளியே வந்தது.

"சார், அந்தக் காய் நாப்பத்தாறா, அறுபத்து நாலா?"

அவர் நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றார். எழுந்திருக்க வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

"நாப்பத்தாறு" என்றார். "என் கையால எடுத்தது. நீங்க சரியாத்தான் எழுதினீங்க."

அவரே தொடர்ந்தார். "வர்க்கமூலம் ஆயிரத்துப் பதினொண்ணு கிட்ட. நான் ஆயிரம்னுட்டேன். அட்டை முடிஞ்சுதுன்னு நிறுத்திட்டேன். ஆயிரத்துப் பதினொண்ணோட வர்க்கத்துக்கு நாலு குறைச்சல், அவ்வளவுதான் அந்த எண். ஒன்பதாங்கிளாஸ் பிள்ளை உடைச்சிருக்கும். முனுசாமி சொன்ன உடனே தெரிஞ்சுது."

"அப்ப கடிதம் வாங்கும்போதே..."

"தெரியும். முறையில பிழைன்னு எழுதினா ஆயிரத்துப் பதினாலு பேர் ரிசல்ட்டும் நின்னிருக்கும். அந்தப் பொண்ணு வேலை போயிருக்கும்." நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "என் பேரும் போயிருக்கும். அதையும் சொல்லிடறேன்."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்துத்தான் போனேன். வழி முழுக்க ஆட்டோவில் வசனம் தயார் செய்துகொண்டு போனேன். ஒரு வசனமும் வரவில்லை. வந்தது இதுதான்.

"சார், என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கலாமே. அப்பவும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனே."

"அது எனக்குத் தோணவே இல்ல, குளோரி" என்றார். முப்பது வருஷத்தில் மிஸ் போடாமல் என்னை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டாரா, கேட்கவில்லையா என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவர் கோழையா, நல்லவரா என்றும் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலை நிலைத்தது நிஜம். என் தலையில் விழுந்ததும் நிஜம். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார். இதற்கு மேல் வகுக்க எனக்குத் தெரியவில்லை.

வாசல் வரை நின்றுகொண்டே வழியனுப்பினார்.

இன்று காலை நித்யாவுக்கு அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்தேன். "1022117 பகா எண் என நம்பப்பட்டது. அது பகா எண் அல்ல. தாவல் எண் சரியாகவே பதியப்பட்டது" என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். கையோடு கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனதும் கால் தானாக நின்றது. கேஸை மூடினேனா? எனக்கே சிரிப்பு வந்தது, ஆனாலும் திரும்பினேன். பூட்டைத் திறந்து சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. இந்த இருபது வருஷமும் அது மூடித்தான் இருந்திருக்கிறது.